ஒரு வேலை, நான்கு பிள்ளைகள்

சிகாகோ நகரின் மையப்பகுதியை ‘லூப்’ என்பார்கள். அங்கிருந்து பிங்க் லைன் ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்தில் டேமன் நிலையம். நான் போனபோது டிக்கெட் 2.50 டாலர், அன்றைய கணக்கில் 210 ரூபாய். 2024 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு அங்கே இறங்கினேன். இன்னும் சரியாக விடியவில்லை. தண்டவாளம் இரும்புத் தூண்களின் மேல் போவதால், பிளாட்பாரத்தில் நின்றால் பக்கத்து வீடுகளின் மாடி ஜன்னல்கள் கண்ணுக்கு நேராக வருகின்றன. ஒரு சமையலறையில் யாரோ முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்கள். குளிர்காற்று காதைப் பிடித்து இழுத்தது.

நான் பார்க்கப் போனது ஒரு பள்ளிக்கூடம். கிறிஸ்தோ ரே உயர்நிலைப் பள்ளி. நம்மூரில் கிறிஸ்து அரசர் பள்ளி என்போமே, அதே பெயர்தான் ஸ்பானிஷில். இயேசு சபைப் பாதிரியார்கள் 1996-இல் தொடங்கியது. 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காகவே நடப்பது. இங்கே படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் ஒரு நாள் ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். அந்த வேலைக்குக் கிடைக்கும் பணம் பிள்ளையின் கைக்கு வராது. படிப்புச் செலவுக்குப் போய்விடும். இதைப் பார்த்து இன்று அமெரிக்கா முழுக்கச் சுமார் 40 கத்தோலிக்கப் பள்ளிகள் இதே முறையில் நடக்கின்றன.

இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்தே எனக்கு ஓர் உறுத்தல். சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தில் விடியற்காலை இருட்டில் பஸ் வந்து, கிராமத்துப் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிக்கொண்டு போன காலத்தை அறிந்தவன் நான். பதினான்கு வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதை யார் என்ன பெயர் சொல்லி விளக்கினாலும் மனம் எளிதில் ஒப்பாது. அதனால்தான், அந்தப் பள்ளியைப் பற்றி அச்சடித்து வைத்திருப்பதை நம்பாமல் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். பள்ளிக்கு முன்கூட்டியே எழுதி, கொஞ்ச நேரம் உள்ளே வர அனுமதியும் வாங்கியிருந்தேன்.

டேமன் நிலையத்திலிருந்து தெற்கே நடந்தால் நாலைந்து நிமிடத்தில் செர்மாக் சாலை குறுக்கே வருகிறது. அகலமான சாலை, அந்த நேரத்திலேயே லாரிகள். ஆன்டன் செர்மாக் என்ற சிகாகோ மேயரின் பெயர் அது. பொஹீமியாவில் பிறந்து குழந்தையாக வந்தவர். 1933-இல் மயாமியில், அதிபராகப் பதவியேற்கவிருந்த ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்துச் சுட்ட குண்டு இவர் மேல் பாய்ந்து இறந்துபோனார். இந்த வட்டாரத்துக்கு பில்சன் என்று பெயர் வந்ததும் பொஹீமியாவிலிருந்து வந்த செக் மக்களால்தான். தங்கள் ஊர்ப் பெயரை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1960-களில் இல்லினாய் பல்கலைக்கழகம் கட்டுவதற்காகப் பக்கத்து வட்டாரத்தில் இடித்துத் தள்ளப்பட்ட வீடுகளிலிருந்து மெக்சிகோக் குடும்பங்கள் இங்கே குடியேறின. இப்போது கடைப் பலகைகள் பாதிக்கு மேல் ஸ்பானிஷில். வாடகை ஏறுவதால் அவர்களும் மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு ஜன்னலில் ‘பில்சன் விற்பனைக்கு அல்ல’ என்று ஸ்பானிஷில் எழுதிய அட்டை தொங்கியது. அதற்கு மூன்று வீடு தள்ளிப் புதுக் கண்ணாடி வைத்த கட்டடத்தில் ‘விற்பனைக்கு’ என்ற பலகை.

முனையில் ஒரு பெண்மணி தள்ளுவண்டியில் தமாலே விற்றுக்கொண்டிருந்தார். மக்காச்சோள மாவில் கறி வைத்து, சோளத் தோகையில் சுற்றி அவித்தது. ஒன்று 2 டாலர். நம்மூர் இலைக் கொழுக்கட்டையைப் பிரிப்பதுபோலப் பிரித்து, நின்றபடியே தின்றேன். கை சூடேறியது. எனக்கு முன்னால் சட்டை, டை, முதுகுப்பையோடு ஒரு பையன் நான்கு வாங்கிக்கொண்டு போனான். ஆள் என் தோள் உயரம்கூட இல்லை. அவன் போன வழியிலேயே நானும் போனேன்.

22-ஆம் பிளேஸ் குறுகலான தெரு. இருபுறமும் செங்கல் வீடுகள், இரண்டு மாடி, மூன்று மாடி. மேற்கே திரும்பிப் பார்த்தால் தூய பவுல் ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரிகின்றன. ஜெர்மானியர்கள் 1890-களில் கட்டியது. ஒரு ஆணி கூட அடிக்காமல் கட்டிய கோயில் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்களாம். கிழக்கே பள்ளி. ஒரு காலத்தில் ஸ்லோவேனியர்களின் பங்குக் கோயில் இருந்த இடம். ஒவ்வொரு முறை புதிதாக வந்த ஏழைகளுக்கும் இங்கே ஒரு கோயிலும் ஒட்டி ஒரு பள்ளியும் எழுந்திருக்கின்றன.

ஏழு மணியைத் தாண்டியதும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். சிலர் நடந்து, சிலர் காரில், பெரும்பாலோர் ரயில் நிலையத்திலிருந்து கும்பலாக. மஞ்சள் பள்ளி பஸ்கள் வரிசையாக நின்றன, எஞ்சின் ஓடியபடி. எனக்குச் சிவகாசி நினைவு வந்ததை மறைக்க விரும்பவில்லை. பஸ்ஸின் படிக்கட்டில் நின்ற ஒரு பெண்மணி, கையில் பெயர்ப் பட்டியலோடு ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை பார்த்துத்தான் ஏற்றினார். ஷூ, பெல்ட், சட்டைக் காலர். கழுத்தில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்த பையனைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டினார். அவன் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

தமாலே வாங்கிய பையன் சுவரோரம் நின்று டையோடு மல்லாடிக்கொண்டிருந்தான். முடிச்சு விழுந்தது, ஆனால் குட்டை முனை நீளமாகிவிட்டது. அவிழ்த்தான், மறுபடி கட்டினான், மறுபடியும் அதே. வகுப்புக்கு வந்துகொண்டிருந்த உயரமான மாணவன் ஒருவன், ஒரு வார்த்தை பேசாமல் பையைக் கீழே வைத்தான். அந்த டையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டு, அகலமான முனையைக் கிட்டத்தட்ட இடுப்புக்குக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சைப் போட்டான். அப்படியே தளர்த்திக் கழற்றிச் சின்னவன் தலையில் மாட்டி இறுக்கினான். மொத்தம் அரை நிமிடம். சின்னவன் நன்றிக்கடனாக ஒரு தமாலேயை நீட்ட, பெரியவன் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அன்று பஸ் ஏறியவர்கள் அத்தனை பேரும் 9-ஆம் வகுப்பு. மற்ற மூன்று வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குள் போனார்கள். இதில்தான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் இருக்கிறது. உள்ளே ஒரு சின்ன அறையில், வேலைத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர் ஒருவர் தாளில் கோடு போட்டுக் காட்டினார். ஒரு முழுநேர வேலையை நான்கு பிள்ளைகள் பகிர்ந்துகொள்கிறார்கள், வகுப்புக்கு ஒருவராக. செவ்வாய் ஒருவர், புதன் ஒருவர், வியாழன் ஒருவர், வெள்ளி ஒருவர். திங்கள் மட்டும் முறை வைத்துச் சுற்றி வரும். ஆக நான்கு வாரத்தில் ஒரு பிள்ளைக்கு ஐந்து நாள் வேலை. நான்கு பேருக்கு இருபது நாள். அலுவலகத்தில் அந்த நாற்காலி ஒரு நாளும் காலியாக இருக்காது. வேலை நாளில் அந்த வகுப்பே மொத்தமாக வெளியே போய்விடுவதால், யாருக்கும் ஒரு பாடம்கூடத் தவறாது. விட்டுப்போகும் நேரத்துக்கு ஈடாகப் பள்ளி நாளும் பள்ளி ஆண்டும் கொஞ்சம் நீளம்.

இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று கேட்டேன். அதைக் கேட்காமல் திரும்பியிருந்தால் எனக்கு நிம்மதி இருந்திருக்காது. அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி 14, 15 வயதுப் பிள்ளைகளைப் பள்ளி நேரத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது. படிப்பில் நாட்டமில்லாமல் நின்றுவிடக்கூடிய பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குவதற்காக மட்டும் ஒரு விலக்கு இருந்தது. கல்லூரிக்குப் போகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. 2010 ஜூலை 19-ஆம் தேதி அமலுக்கு வந்த புது விதி அதைச் சரிசெய்தது. நான்கு வாரச் சுற்றில், மூன்று வாரம் வாரத்துக்கு ஒரு நாள், நான்காவது வாரம் இரண்டு நாள். நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. விதியைப் படித்துப் பார்த்தால் இந்தப் பள்ளிகளின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்து எழுதியதுபோல இருக்கிறது. இந்த மணிக்கணக்குதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைக்கு நாள் முடியும் நேரம் என்று ஒன்று இருந்ததில்லை. பள்ளி என்று ஒன்றும் இருந்ததில்லை.

பணம் எப்படி ஓடுகிறது என்பதையும் கேட்டுக்கொண்டேன். நிறுவனம் பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பதில்லை; நான்கு பேர் சேர்ந்த ஒரு வேலைக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று பள்ளியின் வேலைத் திட்டத்துக்குக் கொடுக்கிறது. ஊருக்கு ஊர் தொகை மாறும். 30,000 டாலரைத் தாண்டுவது சகஜம். பொதுவாக இந்தப் பள்ளிகளின் செலவில் ஏறக்குறையப் பாதி இதில் வந்துவிடுகிறது. வருமானத்தைப் பார்த்துக் குடும்பம் ஒரு பங்கு கட்டுகிறது. மீதி நன்கொடை. இல்லினாய் மாநிலத்தில், தனியார் பள்ளி உதவித்தொகைக்குக் கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை தந்த திட்டம் ஒன்று இருந்தது. 2023 முடிவோடு அதுவும் முடிந்துபோனது. அதைச் சொல்லும்போது அந்த அலுவலர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

இந்த யோசனை பிறந்த கதையை இந்த வட்டாரத்தில் பலர் சொல்கிறார்கள். 1990-களில் இயேசு சபையார் பில்சன் மக்களிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்றார்கள். கட்டணம் கட்ட யாரிடமும் காசில்லை. ரிச்சர்ட் மரே என்ற ஆலோசகர், பிள்ளைகளையே வேலைக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டார். பெரு நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஜான் ஃபோலி என்ற பாதிரியாரை வரவழைத்துப் பள்ளியைத் தொடங்கச் சொன்னார்கள். 2008-இல் அமெரிக்க அதிபர் கையால் பதக்கம் வாங்கிய மனிதர் அவர்.

கதை இவ்வளவுதான் என்றால் பணத்துக்கு வழி தெரியாமல் பிறந்த யோசனை என்று விட்டுவிடலாம். அதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1960-களின் நடுவில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் படித்தார்கள். இப்போது 17 லட்சம் அளவில். அன்று வகுப்பு எடுத்தவர்களில் பெரும்பாலோர் கன்னியாஸ்திரிகள், துறவற சகோதரர்கள். சம்பளம் என்று சொல்லத்தக்க எதையும் அவர்கள் வாங்கவில்லை. அதனால்தான் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் சில டாலரில் படிக்க முடிந்தது. துறவிகள் குறைந்தார்கள்; சம்பளத்துக்கு ஆசிரியர் வைக்க வேண்டியதாயிற்று; கட்டணம் ஏறியது; ஏழைப் பேட்டைகளில் பள்ளிகள் மூடின. அந்தச் சகோதரிகளின் கூலியில்லா உழைப்பு தாங்கிய பாரத்தைத்தான் இன்று இந்தப் பிள்ளைகளின் ஒரு நாள் உழைப்பு தாங்குகிறது. தமிழ்நாட்டில் மடத்துப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பள்ளிக்குள் நான் பார்த்தது கொஞ்சம்தான். வராந்தாவில் தரை மெழுகு வாசனை. ஒரு வகுப்பில் ஸ்பானிஷில் பாடம். இரண்டு மொழியிலும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே இந்தப் பள்ளியின் கொள்கை. வாசல் கதவுகளில் கல்லூரிக் கொடிகள். முடித்த பிள்ளைகள் எல்லோருக்கும் கல்லூரியில் இடம் கிடைக்கிறது என்பது இதுபோன்ற பள்ளிகள் எல்லாம் பெருமையாகச் சொல்லும் செய்தி. நல்ல செய்திதான். ஆனால் 12-ஆம் வகுப்பு வரை வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணிச் சொல்லும் கணக்கு அது. 9-இல் சேர்ந்து நடுவில் நின்றவர்களையும், கல்லூரிக்குப் போய் முடித்தவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் முழுப்படம் தெரியும். எந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போனாலும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒன்பது மணிக்கு மறுபடி ரயில் ஏறி லூப்புக்கு வந்தேன். அங்கே ஒரு வங்கியில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில், அதே இயேசு சபையாரிடம் படித்தவர். அந்த ஒட்டுதலில்தான், தன் பிரிவுக்கு இந்தப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றதும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறார். “வாங்க அண்ணாச்சி, பள்ளிக்கூடத்தப் பாத்துட்டு நேரா இங்க வந்தீங்களாக்கும்” என்று வரவேற்பறையிலிருந்து அழைத்துப் போனார். கழுத்தில் பார்வையாளர் அட்டை. லிஃப்டில் பத்தொன்பதாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே சிகாகோ ஆறு பச்சையாகக் கிடந்தது.

பிள்ளைகளுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மேசை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். இழுப்பறையைத் திறந்து காட்டினார்: நான்கு அட்டை ஃபைல்கள், நான்கு பெயர்கள். அன்று வந்திருந்தது 9-ஆம் வகுப்புப் பெண். முடியை இறுக்கிப் பின்னி, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டிருந்தாள். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. முந்தின நாள் திங்கள் முறைக்கு வந்த 12-ஆம் வகுப்புப் பெண் எழுதி வைத்துப் போனது. 140-ஆம் பக்கம் வரை ஸ்கேன் முடிந்தது, 141-இல் ஸ்டேப்ளர் பின் இருக்கிறது, எடுத்துவிட்டு மெஷினில் போடு, இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும் என்று ஆங்கிலத்தில் குறிப்பு. கீழே, கேள்வி இருந்தால் மூன்றாவது மேசையில் இருப்பவரிடம் கேள், அவர் கோபப்பட மாட்டார் என்று ஸ்பானிஷில். அந்தப் பெண்ணே எனக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். பிறகு 141-ஐ எடுத்து, நகத்தால் பின்னை நெம்பி, மேசையோரம் இருந்த காகிதக் கோப்பையில் போட்டாள். கோப்பையில் ஏற்கனவே கால்வாசி பின்கள்.

அவள் செய்தது பழைய கடன் ஒப்பந்தங்களை ஸ்கேன் செய்து, வாடிக்கையாளர் எண் போட்டுப் பெயரிட்டுச் சேமிக்கும் வேலை. எண்ணை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்த பிறகுதான் தட்டினாள். ஒரு ஒப்பந்தத்தில் இரண்டு பக்கம் முன்பின்னாக இருந்ததைக் கண்டு எழுந்து போனாள். மூன்றாவது மேசைக்கு அருகே போய், அவர் போனில் இருந்ததால் சற்றுத் தள்ளி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்ததும் தாளைக் காட்டிப் பேசினாள். திரும்பி வரும்போது முகத்தில் கொஞ்சம் நிறம் ஏறியிருந்தது.

“இதாவது பரவால்ல அண்ணாச்சி” என்றார் நண்பர். “வியாழக்கெழம வாற பையன் ஒருத்தன் இருக்கான், 11-ஆம் வகுப்பு. மொத வருஷம் வாயே தெறக்க மாட்டான். லிஃப்டுல யாரும் ஏறினா மூலையில ஒண்டிக்கிடுவான். இப்பம் புதுசா சேருத ஆளுகளுக்கு அவந்தான் மெஷினு சொல்லிக்குடுக்கான்.” பிள்ளைகள் செய்வதெல்லாம் உண்மையான வேலை, ஒப்புக்கு உட்கார வைப்பதில்லை என்றும் சொன்னார். இந்தப் பெண் விஷயத்தில் அது கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் அதே மாடியில் வேறொரு பிரிவுக்கு வந்திருந்த பையன், அவனுக்கு வேலை சொல்ல வேண்டியவர் கூட்டத்துக்குப் போய்விட்டதால், முக்கால் மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. அவனும் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் ஒரே நாளில் இவ்வளவு வித்தியாசம் விழுகிறது. கோடையில், வகுப்பு தொடங்கும் முன்பே பள்ளி கொடுக்கும் பயிற்சியில் கைகுலுக்குவது, போன் எடுப்பது, எக்செல் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அந்நிய மனிதரின் மேசைக்குப் போய் நிற்கும் துணிச்சலுக்குக் கொஞ்ச காலம் பிடிக்கிறது. அதற்கு எதிரில் இருப்பவரும் மனசு வைக்க வேண்டும்.

மேலதிகாரி நாள் முடிவில் மதிப்பீடு எழுதுகிறார். நேரத்துக்கு வந்தாளா, சொன்னதைப் புரிந்துகொண்டாளா, முடித்ததும் அடுத்த வேலை கேட்டாளா. அது பள்ளியில் மதிப்பெண்ணோடு சேர்கிறது. வேலை சரியில்லை என்று நிறுவனம் திருப்பி அனுப்பினால் மறுபடி பயிற்சி, வேறு இடம். மறுபடியும் அப்படியே ஆனால் பள்ளியில் தொடர்வதே கேள்விக்குறி. பதினான்கு வயதில் இந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்குவது எனக்கு உவப்பாக இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை, கணக்கில் குறைந்தால் டியூஷன் போகிறான். படிக்கும் உரிமையைச் சம்பாதித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. இந்தப் பள்ளிகளை மனதாரப் பாராட்டுகிறவர்களும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மதியம் பன்னிரண்டரைக்கு அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்தாள். சோறும் பீன்ஸும். கீழ்த்தளக் கடையில் ஒரு சாலட் 14 டாலர் என்று பலகை இருந்தது. சாப்பிடும்போது இரண்டு ஊழியர்கள் அவளோடு உட்கார்ந்து, கல்லூரியில் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். நர்ஸ் வேலையா, அக்கவுன்டன்டா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள். அக்கவுன்டன்ட் ஆவதற்கு எத்தனை ஆண்டு, எந்தத் தேர்வு என்று ஒருவர் பேப்பர் நாப்கினில் எழுதிக் கொடுத்தார். அவள் அதை நான்காக மடித்து அடையாள அட்டை உறைக்குள் செருகினாள். 30,000 டாலரில் நான்கில் ஒரு பங்கு என்ற கணக்கில் இந்த நாப்கின் வராது. எனக்கு இந்தப் பள்ளி மேல் மதிப்பு வந்தது இங்கேதான்.

பிற்பகல் பில்சனுக்குத் திரும்பி 18-ஆம் தெருவில் நடந்தேன். மெக்சிகோ கலை அருங்காட்சியகம் 19-ஆம் தெருவில் இருக்கிறது, நுழைவு இலவசம். அரை மணி நேரம் உள்ளே சுற்றிவிட்டு, பக்கத்தில் துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய மகன் இந்தப் பள்ளியில் 10-ஆம் வகுப்பு. மூத்த மகள் செர்மாக் சாலையில் இருக்கும் பெனிட்டோ ஹுவாரெஸ் அரசுப் பள்ளியில் படித்தவள். அந்தப் பள்ளிக்கும் ஒரு வரலாறு உண்டு: எங்கள் பிள்ளைகளுக்கு இங்கேயே உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று இந்த வட்டாரத் தாய்மார்கள் தெருவில் இறங்கிப் போராடி, 1977-இல் திறக்க வைத்தார்கள். கட்டணம் கிடையாது. பிறகு ஏன் மகனை இங்கே சேர்த்தீர்கள் என்று கேட்டேன்.

கல்லூரி, வேலை என்று எதையும் அவர் முதலில் சொல்லவில்லை. பள்ளி விட்டு வரும் நேரத்தில் தெருமுனையில் யார் நிற்கிறார்கள் என்ற பயம் தனக்கு இல்லை என்றார். வேலை நாளில் பஸ் கூட்டிக்கொண்டு போகிறது, பஸ் கொண்டுவந்து விடுகிறது. எங்கே இருக்கிறான் என்று தெரியும். ஆனால் அன்று வீட்டுக்கு வரும்போது ஆறு மணியாகிவிடுகிறது, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிடுகிறான், ஒன்பது மணிக்கு எழுப்பி வீட்டுப்பாடம் செய்ய வைக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். மாதாமாதம் கட்டும் பங்குப் பணம் சில மாதம் இடிக்கிறது. மகள் படித்த பள்ளியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அவள் நன்றாகத்தான் படித்தாள், அவளுக்கு யாரும் பத்தொன்பதாவது மாடியைக் காட்டவில்லை, அவ்வளவுதான் என்றார். உலர்த்தும் இயந்திரம் நின்றது. ஒரு சுற்றுக்கு இன்னும் நான்கு கால் டாலர் நாணயங்களைப் போட்டார்.

ஐந்தேகால் மணிக்கு 22-ஆம் பிளேஸில் பஸ்கள் வந்து நின்றன. காலையில் பட்டியலோடு நின்ற பெண்மணி அதே இடத்தில், இறங்குகிறவர்களை எண்ணி டிக் செய்துகொண்டிருந்தார். டைகள் எல்லாம் பைக்குள் போயிருந்தன. இன்று என்ன வேலை என்று ஒரு பையனைக் கேட்டேன். ஒரு வக்கீல் ஆபீஸில் தபால் பிரித்து மேசை மேசையாகக் கொடுத்ததாகவும், மாடிக்கு மாடி நடந்து கால் வலிப்பதாகவும் சொன்னான். நாளைக்கு அல்ஜீப்ரா தேர்வு என்று ஓடினான்.

கடைசிப் பிள்ளையும் இறங்கியதும் அந்தப் பெண்மணியிடம் பேசினேன். அடுத்த ஆண்டு எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார். வகுப்பறையில் இடம் இருக்கிறது, விண்ணப்பங்களும் வருகின்றன. நான்கு பிள்ளைக்கு ஒரு வேலை. எத்தனை அலுவலகம் கதவு திறக்கிறதோ அத்தனை பேர். 2020-இல் கொரோனா தொற்று வந்து லூப்பின் அலுவலகங்கள் எல்லாம் பூட்டியபோது நாற்காலிகளே இல்லாமல் போயின. இன்றைக்கும் பல நிறுவனங்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் பக்கத்தில் இல்லை. வேலை கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் மேலாளர் மாறினாலே அந்த நான்கு இடம் நிலைக்குமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மறுநாள் காலை பஸ்ஸில் புதன்கிழமைப் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, பத்து மணிக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறேன், இரண்டு மேசையாவது கேட்கப் போகிறேன் என்றார்.